ஃபெனர்: ஊரார் போனபின் ஓர் ஆயர் பீடம்

இஸ்தான்புல்லின் பழைய நகரம் ஒரு தீபகற்பம். அதன் வடகரையை ஒட்டி உள்ளே நுழையும் கடற்கழிக்குத் துருக்கியில் ஹாலிச் என்று பெயர்; ஐரோப்பியர் பொற்கொம்பு என்பார்கள். எமினொனு படகுத்துறையிலிருந்து அந்தக் கரையோடு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மேற்கே நடந்தால் ஃபெனர் வரும். செங்குத்தான சந்துகள், தெருவை நோக்கித் துருத்தி நிற்கும் மாடங்களோடு ஒடுங்கி உயர்ந்த வீடுகள், மேட்டின் உச்சியில் செங்கல் கோட்டை போன்ற ஒரு பள்ளிக்கூடம், கீழே மதில் சூழ்ந்த ஒரு வளாகம். அந்த வளாகத்தில்தான் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள் முதுபெருந்தந்தையின் பீடம் இருக்கிறது. உலகெங்கும் உள்ள இருபது கோடிக்கும் மேற்பட்ட ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களிடையே மரியாதையில் முதலிடம் அந்தப் பீடத்துக்கே. ஆனால் அது பெயர் தாங்கும் நகரத்தில் எஞ்சியிருக்கும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மக்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான். வளாகத்தைச் சுற்றிய தெருக்களில் வசிப்பவர்கள் பெரும்பாலும் கருங்கடல் மாவட்டங்களிலிருந்தும் கிழக்கு அனத்தோலியாவிலிருந்தும் வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள்.

இதனால் ஃபெனரைப் பார்க்க வருகிறவர் முன் ஒரு சமயக் கேள்வி நிற்கிறது. ஆயர் என்பவர் ஓர் இடத்துக்கு உரியவரா, ஒரு மக்கள்கூட்டத்துக்கு உரியவரா? மக்கள் போய்விட்டால் பீடம் என்னாகும்? இதற்கு அடியில் இன்னும் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது: புனிதம் மண்ணில் இருக்கிறதா, கூடி வணங்குகிறவர்களிடம் இருக்கிறதா? கிழக்குத் திருச்சபை இந்தக் கேள்விகளை நூல்களில் மட்டும் எழுதி வைக்கவில்லை. சட்டவிதிகளாகவும் சண்டைகளாகவும் கட்டடங்களாகவும் அவற்றை வாழ்ந்து பார்த்திருக்கிறது. அந்த வாழ்வின் தடயங்கள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. ஃபெனர் அவற்றில் ஒன்று.

பீடம் இங்கே வந்ததே ஓர் அலைச்சலின் முடிவில்தான். 537இல் எழுந்த ஹாகியா சோபியா ஆலயம் 1453இல் மசூதியானது. சுல்தான் இரண்டாம் மெஹ்மெதின் ஆதரவோடு முதுபெருந்தந்தையான கென்னடியோஸ் முதலில் திருத்தூதர்கள் ஆலயத்தில் அமர்ந்தார். 1456இல் பீடம் பம்மகரிஸ்தோஸ் ஆலயத்துக்கு மாறியது. திருத்தூதர்கள் ஆலயம் இருந்த மேட்டில் ஃபாத்தி மசூதி எழுந்தது. நூறாண்டுக்கும் மேல் கழித்து பம்மகரிஸ்தோஸும் கைமாறி ஃபெத்தியே மசூதி ஆனது. இடையில் சில சிறு ஆலயங்களில் தங்கிவிட்டு, ஃபெனரில் இருந்த புனித ஜார்ஜ் ஆலயத்துக்குப் பீடம் வந்து சேர்ந்தது. அது ஓர் எளிய கட்டடம். கிழக்குத் திருச்சபையின் அடையாளமான குவிமாடம்கூட அதற்கு இல்லை. ஒட்டோமான் ஆட்சியில் கிறிஸ்தவ ஆலயங்கள் தலைநிமிர்ந்து தெரியக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது.

இத்தனை முறை இடம் மாறியும் நகரத்தை விட்டு வெளியேறாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பீடத்தின் பெருமை திருத்தூதர் ஒருவரின் கல்லறையிலிருந்து வந்ததல்ல, நகரத்திலிருந்து வந்தது. 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பொதுச்சங்கத்தின் மூன்றாம் விதி, அந்நகர் புதிய ரோம் என்பதால் அதன் ஆயருக்கு ரோம் ஆயரை அடுத்த மரியாதை உண்டு என்று வகுத்தது. 451இல் கால்செதோன் சங்கம் தன் 28ஆம் விதியில் அதை உறுதி செய்தது. அந்திரேயா திருத்தூதர் தொடங்கிய சபை என்ற மரபு பின்னாளில் வலுப்பெற்றது. நவம்பர் 30இல் அவர் திருநாள் இன்றும் ஃபெனரில் பெரிதாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் சட்டத்தின் மொழியில் பீடத்துக்கு வேர் நகரம்தான். பேரரசனும் ஆட்சிமன்றமும் அந்நகரை விட்டுப் போய் ஐந்தரை நூற்றாண்டு ஆகிறது, அந்தக் காரணத்தின்மேல் நின்ற மரியாதை மட்டும் போகவில்லை.

கிறிஸ்தவத்தின் தொடக்க நூல்களைப் படிக்கிறவருக்கு இந்த இடப்பற்று வியப்பாக இருக்கும். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், எந்த மலையில் வணங்குவது என்று சமாரியப் பெண் கேட்கும்போது, இந்த மலையிலும் எருசலேமிலும் அல்லாமல் வணங்கும் காலம் வருகிறது என்ற பொருளில் இயேசு விடை தருகிறார். கடவுள் கைகளால் கட்டிய வீட்டில் குடியிருப்பவர் அல்லர் என்று ஸ்தேவான் வாதிட்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரி ஒரு கடிதத்தில் எருசலேம் யாத்திரையைக் கடுமையாகவே மதிப்பிட்டார். இடம் மாறுவதால் ஒருவர் கடவுளுக்கு அருகில் போய்விட மாட்டார், உள்ளம் சரியில்லாதவர் கல்லறைக்கு முன்னே நின்றாலும் தொலைவில்தான் இருக்கிறார் என்பது அவர் கருத்து. அதே கிரகோரி இன்னொரு கடிதத்தில் அந்தப் புனிதத் தலங்களைக் கண்ட மகிழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் மனம் விளங்கும். தலம் ஒருவரைப் புனிதப்படுத்தும் என்ற நம்பிக்கையை அவர் மறுத்தார். தலத்தில் நிகழ்ந்ததை நினைந்து மகிழ்வதை அவர் மறுக்கவில்லை.

எட்டாம் நூற்றாண்டில் திருவோவியங்களை அழிக்கும் இயக்கம் எழுந்தபோது கேள்வி கூர்மையானது. தமஸ்கு யோவான், கடவுள் உடலெடுத்து வந்த பிறகு சடப்பொருளை இழிவென்று தள்ள முடியாது என்றார். சிலுவை மரம், கொல்கொதா மேடு, கல்லறை, ஏட்டின் மை, ஓவியத்தின் நிறம் ஆகிய எல்லாவற்றுக்கும் வணக்கம் உரியது, வழிபாடு கடவுளுக்கு மட்டுமே உரியது என்று அவர் பிரித்துக் காட்டினார். 787இல் நிக்கேயாவில் கூடிய சங்கம் ஓவிய வணக்கத்தை ஏற்றது. பின்னாளில் இடமும் பொருளும் கிழக்குத் திருச்சபையின் பக்தியில் அசைக்க முடியாத இடம் பெற்றன.

ஆனால் அதே திருச்சபை அந்திமென்சியோன் என்ற ஒன்றையும் வைத்திருக்கிறது. அது ஒரு துணி. கிறிஸ்துவின் அடக்கக் காட்சி அதில் வரையப்பட்டிருக்கும். புனிதர் ஒருவரின் எலும்புத் துணுக்கு உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். ஆயர் அதில் கையொப்பம் இட்டிருப்பார். அதை விரிக்காமல் குரு நற்கருணை வழிபாடு நடத்த முடியாது. அதை விரித்தால் பாழடைந்த மண்டபத்திலும் பயணத்திலும் வழிபாடு நடத்தலாம். பலிபீடம் இங்கே சுருட்டி எடுத்துப் போகக்கூடியதாகிறது. இந்தத் துணியில் ஒரு முழு இறையியல் அடங்கியிருக்கிறது. புனிதத்துக்கு ஒரு பொருளும், இறந்தவர் ஒருவரின் எச்சமும், பொறுப்பேற்கும் ஆயர் ஒருவரின் பெயரும் வேண்டும். குறிப்பிட்ட ஒரு நிலத்துண்டு வேண்டும் என்று அது கேட்கவில்லை.

அப்படியானால் ஆயர் மட்டும் ஏன் ஓர் ஊரோடு கட்டப்பட்டார்? 325இல் நிக்கேயா சங்கத்தின் எட்டாம் விதி, ஒரு நகரில் இரண்டு ஆயர்கள் இருக்கக் கூடாது என்று முடிகிறது. கால்செதோன் சங்கத்தின் ஆறாம் விதி, எந்தச் சபைக்கும் குறிப்பிடாமல் ஒருவருக்குப் பொதுவாகக் குருத்துவம் தருவதைத் தடுக்கிறது. ஆயரின் திருநிலைப்பாட்டு மன்றாட்டில் அவர் போகும் ஊரின் பெயர் சொல்லப்படுகிறது. இவற்றை நிர்வாக வசதிக்காக வந்த விதிகள் என்று ஒதுக்கினால் அவற்றின் உயிர் கைநழுவிப் போகும். ஊர்வழி அமைப்பில் ஓர் ஊரில் வாழும் செல்வரும் ஏழையும், கிரேக்கம் பேசுகிறவரும் சிரியாக் பேசுகிறவரும், அடிமையும் ஆண்டானும் ஒரே ஆயரின் கீழ் ஒரே மேசைக்கு வர வேண்டும். ஒருவர் தமக்குப் பிடித்த கூட்டத்தோடு தமக்கென்று ஓர் ஆயரை வைத்துக்கொள்ள முடியாது. அயலாரைத் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது. இடம் என்ற விதி அந்த உண்மையைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தது. மண்ணுக்குத் தெய்வத்தன்மை உண்டு என்ற எண்ணம் இதில் இல்லை.

விதி வகுத்தவர்கள் மக்கள் துரத்தப்படும் காலத்தையும் கண்டார்கள். 692இல் கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையின் குவிமாட மண்டபத்தில் கூடிய ட்ருல்லோ சங்கம் இதைப் பற்றி இரண்டு விதிகள் செய்தது. 37ஆம் விதி, படையெடுப்பால் தம் ஊருக்குப் போக முடியாத ஆயர்கள் தம் நிலையையும் உரிமையையும் இழக்க மாட்டார்கள் என்றது. 39ஆம் விதி அதைவிட வியப்பானது. சைப்ரஸ் தீவின் மக்களில் ஒரு பகுதியினரைப் பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியன் மர்மாரா கடற்கரைப் பகுதிக்குக் குடிபெயர்த்தான். அவர்களோடு அவர்களின் பேராயர் யோவானும் போனார். அங்கே எழுந்த புதிய ஊரில் சைப்ரஸின் உரிமைகள் அப்படியே அவருக்கு நிற்கும் என்று சங்கம் தீர்மானித்தது. சில ஆண்டுகளில் மக்கள் தீவுக்குத் திரும்பினார்கள். ஆயினும் சைப்ரஸ் பேராயர் இன்றுவரை புதிய ஜஸ்டினியானா என்ற அந்த ஊரின் பெயரையும் தம் பட்டத்தில் தாங்குகிறார். ஒரே சங்கம், ஊரைப் பிரிந்த ஆயரையும் காத்தது, மக்களோடு நகர்ந்த ஆயரையும் காத்தது.

இதே நெகிழ்வைக் கான்ஸ்டான்டிநோபிளும் பயன்படுத்தியிருக்கிறது. 1204இல் நான்காம் சிலுவைப்போர்ப் படை நகரைச் சூறையாடி லத்தீன் ஆயரை அமர்த்தியபோது, கிரேக்க ஆயர்கள் 1208இல் நிக்கேயாவில் கூடித் தமக்கு முதுபெருந்தந்தையைத் தேர்ந்தார்கள். 1261 வரை பட்டம் கான்ஸ்டான்டிநோபிளுடையது, இருக்கை நிக்கேயாவில். அந்தியோக்கியாவின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் முதுபெருந்தந்தையோ பதினான்காம் நூற்றாண்டிலிருந்து தமஸ்கில் இருக்கிறார்; பட்டம் மாறவே இல்லை. ஆகவே பீடம் நகரக் கூடாது என்று சொல்ல மரபில் ஆதாரம் கிடையாது. ஃபெனரில் அது இருப்பது சட்டத்தின் கட்டாயத்தால் அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பது என்று எடுத்த முடிவால்.

வளாகத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி, நீரின் விளிம்பில் புனித ஸ்தேவான் ஆலயம் நிற்கிறது. அது பல்கேரியர்களுடையது, முழுக்க இரும்பு. ஆர்மீனியக் கட்டடக்கலைஞர் ஹொவ்செப் அஸ்னாவுரின் வரைவில், வியன்னாவின் வாக்னர் நிறுவனம் பாகங்களை வார்த்து, டான்யூப் ஆற்றிலும் கருங்கடலிலும் கப்பலேற்றி அனுப்ப, இங்கே பூட்டி நிறுத்தினார்கள். 1898இல் அது திறக்கப்பட்டது; நெடிய பழுதுபார்ப்புக்குப் பின் 2018 ஜனவரியில் மீண்டும் திறந்தது. அதன் நுட்பத்தை வியந்து படம் எடுத்துப் போகிறவர்கள் பலர். ஃபெனரின் மிக ஆழமான கேள்வி அந்த இடத்தில்தான் வெடித்தது.

இரும்பு ஆலயத்துக்கு முன் அதே மனையில் பல்கேரியர்களின் பழைய ஆலயம் இருந்தது. 1860 உயிர்ப்பு ஞாயிறு வழிபாட்டில் ஆயர் இலாரியோன் மகரியோபோல்ஸ்கி, மன்றாட்டில் சொல்ல வேண்டிய கான்ஸ்டான்டிநோபிள் முதுபெருந்தந்தையின் பெயரைச் சொல்லாமல் விட்டார். கிழக்குத் திருச்சபையில் ஒரு பெயரைச் சொல்லாமல் விடுவது உறவை அறுப்பதாகும். அதன் பின்னே நீண்ட குறை இருந்தது. ஃபெனரைச் சேர்ந்த செல்வக் குடும்பங்கள் சுல்தானின் மொழிபெயர்ப்பாளர்களாகவும், பதினெட்டாம் நூற்றாண்டில் வல்லாகியா, மொல்தாவியா நாடுகளின் ஆட்சியாளர்களாகவும் உயர்ந்தன. அந்தச் செல்வாக்கின் காலத்தில்தான் 1766இல் செர்பியர்களின் பெச் பீடமும் 1767இல் ஓஹ்ரித் பேராயர் பீடமும் ஒழிக்கப்பட்டுக் கான்ஸ்டான்டிநோபிளோடு சேர்க்கப்பட்டன. பல்கேரிய ஊர்களுக்குக் கிரேக்கம் மட்டுமே தெரிந்த ஆயர்கள் போனார்கள். தம் மொழியில் வழிபாடும் தம்மவரில் ஆயரும் வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

1870இல் சுல்தானின் ஆணை பல்கேரிய எக்சார்க்கேட் என்ற தனி அமைப்பை ஏற்படுத்தியது. அதன் பத்தாவது பிரிவு, ஒரு மறைமாவட்டத்தின் ஆர்த்தடாக்ஸ் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அதுவும் எக்சார்க்கேட்டில் சேரலாம் என்றது. எக்சார்க் என்ற அதன் தலைவர் கான்ஸ்டான்டிநோபிளிலேயே தங்கினார். ஒரு நகரில் ஒரே சமயத்துக்கு இரண்டு தலைவர்கள், ஒருவர் கிரேக்கருக்கு, ஒருவர் பல்கேரியருக்கு. நிக்கேயாவின் எட்டாம் விதி உடைந்தது. 1872இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம், திருச்சபையை இனத்தின்வழி அமைப்பது தவறான கொள்கை என்று தீர்ப்பளித்து, அதைப் பின்பற்றியோரைப் பிரிவினையாளர் என்று அறிவித்தது. அந்தப் பிளவு 1945 வரை நீடித்தது.

அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம் சரியானது; அதை வழங்கியவர்களின் கை சுத்தமாக இருக்கவில்லை. இடம் எல்லோருக்கும் பொது என்று சொன்ன பீடம், நடைமுறையில் அந்த இடத்தைக் கிரேக்கருக்கே உரியதாக நடத்தியிருந்தது. ஊர்வழித் திருச்சபை உயிரோடு இருக்க வேண்டுமானால் அந்த ஊரில் வாழும் மக்களின் நாவில் அது பேச வேண்டும். பேசாதபோது மக்கள் இனத்தின் பக்கம் ஒதுங்குகிறார்கள், பிறகு அதைக் குற்றம் என்று சொல்லிப் பயனில்லை. ஆர்த்தடாக்ஸ் உலகம் இந்த 1872 தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகிறது. அது பிறந்த சூழலையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

இனம் என்ற அளவுகோல் அடுத்த நூற்றாண்டில் அரசுகளின் கைக்குப் போனது. 1923 ஜனவரி 30இல் கிரேக்கமும் துருக்கியும் லோசானில் மக்கள்தொகைப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் ஒருவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்தது அவர் மொழியோ விருப்பமோ அல்ல, மதம். துருக்கி மொழி மட்டுமே அறிந்த கப்படோக்கியா கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்கம் பேசிய கிரேத்தா தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தார்கள். போரில் ஓடியவர்களையும் சேர்த்துக் கிரேக்கம் போன ஆர்த்தடாக்ஸ் மக்கள் ஏறத்தாழ 12 லட்சம். இஸ்தான்புல் கிரேக்கருக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் விலக்குத் தரப்பட்டது. முதுபெருந்தந்தையின் பீடத்தையும் நாட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்று துருக்கித் தரப்பு கேட்டது. அரசியல் அதிகாரம் எதுவும் இல்லாத சமய நிறுவனமாக அது இருக்கும் என்ற புரிதலில் கடைசியில் விட்டுக்கொடுத்தது.

விலக்குப் பெற்றவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களும் தங்க முடியவில்லை. 1942இல் வந்த செல்வ வரி முஸ்லிம் அல்லாதவர்களின் தொழிலை முறித்தது. 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் கும்பல்கள் கிரேக்கர்களின் கடைகளையும் வீடுகளையும் எழுபதுக்கும் மேற்பட்ட ஆலயங்களையும் சூறையாடின. 1964இல் சைப்ரஸ் பிணக்கின்போது, கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்த ஏறத்தாழ 12,000 பேர் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களின் துருக்கிக் குடியுரிமை பெற்ற மனைவி மக்களும் உறவினரும் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் ஃபெனரின் வீடுகள் பூட்டப்பட்டன. மேட்டின்மேல் 1880களின் தொடக்கத்தில் கட்டடக்கலைஞர் திமாதிஸ் எழுப்பிய செங்கல் பள்ளி, நூற்றுக்கணக்கானோருக்காகக் கட்டியது, சில பத்து மாணவர்களோடு இயங்குகிறது. ஹைபெலி தீவில் 1844இல் தொடங்கிய ஹால்கி குருமடம் 1971இல் மூடப்பட்டது. முதுபெருந்தந்தையாக வருகிறவர் துருக்கிக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. உள்நாட்டில் குருக்களைப் பயிற்றும் வழியை அடைத்துவிட்டு இந்த நிபந்தனையையும் வைப்பது, பீடத்தை மெல்லத் தேய விடுவதற்குச் சமம். ஒரு சமயத்தை வெளியேற்றாமல் வற்ற விடுவதும் அநீதிதான்.

வளாகத்துக்கு வருகிறவர்கள் பக்கவாயில் வழியாகத்தான் நுழைய வேண்டும். நடுவாயில் 1821இலிருந்து அடைத்தே கிடக்கிறது. கிரேக்கக் கிளர்ச்சி தொடங்கிய அந்த ஆண்டின் உயிர்ப்புத் திருநாளில் முதுபெருந்தந்தை ஐந்தாம் கிரகோரியை அந்த வாயிலில் தூக்கிலிட்டார்கள். அவர் கிளர்ச்சியைக் கண்டித்து அறிக்கை விட்டவர். அது அவரைக் காக்கவில்லை. உள்ளே ஆலயத்தின் தென்புறம் புனிதப் பெண்கள் மூவரின் எச்சங்கள் பேழைகளில் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் யூபேமியா. பாஸ்பரஸ் நீரிணைக்கு அப்பால் ஆசியக் கரையில் இருந்த கால்செதோனில் அவர் பெயரால் நின்ற ஆலயத்தில்தான் 451 சங்கம் கூடியது. அந்த ஆலயம் இல்லை, அவர் உடல் இங்கே இருக்கிறது. வடபுறம் கிரகோரி நசியான்சன், யோவான் கிறிசோஸ்தோம் ஆகிய இருவரின் எச்சங்கள். அவை நூற்றாண்டுகளாக ரோமில் இருந்தன. 2004 நவம்பரில் போப் இரண்டாம் யோவான் பவுல் அவற்றைத் திருப்பித் தந்தார்.

மக்கள் குறைந்த ஆலயத்துக்குள் இறந்தவர்கள் இப்படி நிறைந்திருப்பதை ஆர்த்தடாக்ஸ் இறையியல் தற்செயல் என்று கருதாது. நற்கருணை வழிபாட்டில் கூடுகிறவர்களின் தொகை கண்ணுக்குத் தெரிகிறவர்களோடு முடிவதில்லை. அப்பத்தட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் ஒவ்வொரு துணுக்கு வைக்கப்படுகிறது. பெயர் சொல்லி வைக்கப்படுகிறது. ஒரு சபையின் அளவை அதன் அங்கத்தினர் ஏட்டை வைத்து மட்டும் கணக்கிட முடியாது என்று ஃபெனர் சொல்வதன் பொருள் இதுவே. இந்த வாதத்துக்கு வலிமை உண்டு. இறந்தவர்கள் வாழ்ந்த ஊரில் அவர்கள் பெயரைச் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும் என்பது எந்தச் சமயத்தவருக்கும் புரியக்கூடிய கடமை.

ஆனால் இந்த வாதம் தாங்க முடியாத சுமையையும் அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் கீழ் மக்களே இல்லாத பண்டைய ஊர்களின் பெயரால் பல ஆயர்கள் இருக்கிறார்கள். யோவான் ஸிஸியூலாஸ் இருபதாம் நூற்றாண்டு ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர்களில் முதல் வரிசையில் நிற்பவர். ஆதித் திருச்சபையில் ஆயரும் நற்கருணைக் கூட்டமும் பிரிக்க முடியாதவை என்பதே 1965இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வின் சாரம். ஆயர் தனி மனிதராக ஓர் அதிகாரத்தைப் பெறுவதில்லை, கூடிய சமூகத்தின் நடுவேதான் ஆயராகிறார் என்று அவர் வாழ்நாள் முழுவதும் எழுதினார். அவரே 1986 முதல் 2023இல் மறையும்வரை பெர்கமோன் ஊரின் மெத்ரபொலிதன். இன்றைய பெர்காமாவான அவ்வூரில் 1922க்குப் பின் ஆர்த்தடாக்ஸ் சபை கிடையாது. இதை அவர்மேல் குறையாகச் சொல்வதற்கில்லை. இறந்த ஊர்களை மறக்காதிருப்பது ஒன்று, அந்த ஊர்களின் பெயரைப் பட்டமாகத் தருவது இன்னொன்று. முதலாவதுக்கு விளக்கேற்றுகிறவர் போதும், அவர் ஆயராக இருக்க வேண்டியதில்லை. ட்ருல்லோவின் 37ஆம் விதி துரத்தப்பட்ட ஆயரைக் காக்க வந்தது. மக்களைக் காணாமலே ஒருவரை ஆயராக்க வந்ததல்ல.

இஸ்தான்புல் ஆலயங்களில் இன்று வழிபடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் கேள்வி இன்னொரு திசையில் திரும்புகிறது. அந்தியோக்கியா இருக்கும் ஹதாய் மாகாணத்திலிருந்து அரபு பேசும் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் சில பத்தாண்டுகளாக இந்நகருக்கு வேலை தேடி வந்து தங்கியிருக்கின்றன. கிரேக்க ஆலயங்கள் பலவற்றில் பிள்ளைகளின் குரல் கேட்பது அவர்களால்தான். 1872 தீர்ப்பு சொன்ன கொள்கைப்படி அவர்களே இந்த ஊரின் சபை. அவர்களின் தாய்மொழி எது என்பது ஒரு பொருட்டே அல்ல. அவர்களுக்குச் சமமான இடம் தருவதில்தான் ஃபெனரின் ஊர்வழிக் கொள்கை மெய்யாகவே சோதிக்கப்படுகிறது. பழைய குடும்பங்கள் எஞ்சிய சிலராக இருந்து ஆலயத்தைக் கிரேக்க நினைவகமாகக் காத்தால், பல்கேரியர்களிடம் செய்த பிழையே திரும்பும்.

பழைய குடும்பங்களுக்கு வேறொரு வழக்கம் இருக்கிறது. பங்குமக்கள் இல்லாத ஆலயங்களையும் அவற்றின் புனிதர் திருநாளில் திறந்து, நகரின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடி வழிபாடு நடத்துகிறார்கள். சிறு சமூகம் ஆண்டு முழுவதும் ஆலயம் ஆலயமாகச் சுற்றி வருகிறது. முதுபெருந்தந்தை பார்தலோமேயுவும் இதை நகரின் எல்லைக்கு வெளியே விரித்திருக்கிறார். 2010 ஆகஸ்ட் 15இல், 1920களுக்குப் பின் முதல் முறையாக, திராப்சோன் மலைப்பாறையில் இருக்கும் சுமேலா மடத்தில் அவர் வழிபாடு நடத்தினார். அந்த மடத்தின் மரியாள் திருவோவியம் அங்கே இல்லை. துறவிகள் 1920களில் அதைப் புதைத்துவிட்டுப் போனார்கள். 1930களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்துக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். வெர்மியோ மலையில் அகதிகள் அதற்குப் புதிய ஆலயம் கட்டினார்கள். ஓவியம் மக்களோடு போயிற்று, பாறை இங்கே தங்கிற்று. இரண்டு இடங்களிலும் ஆகஸ்டில் விழா நடக்கும்போது, எது மெய்யான சுமேலா என்று கேட்பதில் அர்த்தம் இல்லை.

முஸ்லிம் அயலாரும் இந்தத் தலங்களுக்கு அந்நியர் அல்லர். வெஃபா பகுதியில் உள்ள சிறு கிரேக்க ஆலயத்துக்கு மாதத்தின் முதல் நாளில் வேண்டுதலோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சிறு சாவிகளை வாங்கிப் போய், வேண்டியது நிறைவேறினால் திருப்பித் தருகிறார்கள். பியூக்காதா தீவின் புனித ஜார்ஜ் மடத்துக்கு ஏப்ரல் 23இல் ஆயிரக்கணக்கானோர் மலையேறுகிறார்கள். இவர்கள் அந்த ஆலயங்களின் உறுப்பினர்கள் அல்ல, திருவிருந்தில் பங்கு பெறுகிறவர்களும் அல்ல. ஆனால் ஓர் இடம் வேண்டுதலுக்கு உரியது என்ற உணர்வு, அதைக் கட்டியவர்கள் போனபின்னும் ஊராரிடம் தொடர்கிறது. கிரகோரி நிஸ்ஸா இதைக் குறையோடு பார்த்திருப்பார். தமஸ்கு யோவான் கொஞ்சம் பரிவோடு பார்த்திருப்பார்.

ஃபெனரின் சிறுமை அண்மையில் உலகத் திருச்சபையின் வழக்கில் ஒரு வாதமாகவே வைக்கப்பட்டது. 2019 ஜனவரி 5இல் புனித ஜார்ஜ் ஆலயத்தில் பார்தலோமேயு உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குத் தனித்தலைமை ஆவணத்தில் கையொப்பம் இட்டார். அதற்கு முந்தைய அக்டோபரிலேயே மாஸ்கோ திருச்சபை கான்ஸ்டான்டிநோபிளோடு உறவை அறுத்திருந்தது. கோடிக்கணக்கான மக்களை உடைய மாஸ்கோவின் பக்கம் நின்றவர்கள், கைப்பிடியளவு மக்களை வைத்திருக்கும் ஓர் ஆயருக்கு இந்த உரிமை எப்படி என்று கேட்டார்கள். தொகையை அளவுகோலாக்கும் இந்த வாதம் ஆபத்தானது. அதை ஏற்றால் எந்த ஊரில் அரசும் படையும் பெருந்தொகையும் இருக்கிறதோ அதுவே திருச்சபையின் தலைமை என்றாகும். அதே வேளையில் 381 விதியும் பேரரசின் தலைநகர் என்ற காரணத்தில் நின்றதுதான். அரசு இழந்த நிலையில் பீடம் தன் முதன்மைக்குப் பேரரசை இனி காரணம் காட்ட முடியாது. பிற சபைகளுக்குச் செய்யும் தொண்டைத்தான் காட்ட முடியும்.

தீராத பகுதி புலம்பெயர்ந்தோரைப் பற்றியது. ஃபெனரையும் அனத்தோலியாவையும் விட்டுப் போனவர்கள் ஏதென்ஸ், மெல்போர்ன், நியூயார்க், சிகாகோ என்று பரவினார்கள். மேற்குலக நகரங்களில் கிரேக்கருக்கு ஓர் ஆயர், ரஷ்யருக்கு ஓர் ஆயர், செர்பியருக்கும் ருமேனியருக்கும் தனித்தனி ஆயர்கள் இருக்கிறார்கள். 1872இல் கண்டிக்கப்பட்டது அங்கே அன்றாட நடைமுறை. 2009இல் ஜெனீவாவுக்கு அருகே சாம்பெசியில் கூடிய ஆர்த்தடாக்ஸ் மாநாடு, ஒவ்வொரு வட்டாரத்திலும் எல்லா ஆயர்களும் கூடும் பேரவைகளை அமைத்தது. 2016இல் கிரேத்தாவில் கூடிய சங்கம் அந்த ஏற்பாட்டை உறுதி செய்தது. ரஷ்யா, பல்கேரியா, ஜார்ஜியா, அந்தியோக்கியா ஆகிய நான்கு திருச்சபைகள் அதற்கு வரவில்லை. ஒரு நகருக்கு ஓர் ஆயர் என்ற நிக்கேயா விதி தன் இலக்கு என்று அந்த ஆவணம் சொல்கிறது, அதுவரை இப்போதைய நிலை தற்காலிக ஏற்பாடு என்று ஏற்கிறது. அந்தத் தற்காலிகம் எப்போது முடியும் என்பதற்கு அதில் தேதி எதுவும் இல்லை.